பதினொரு நிபந்தனையும் ஒரு மிளகாய் மில்லும்

5 செப்டம்பர் 1983, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மலைப் பக்கம் கறுத்தது, மழை மட்டும் வரவில்லை. மில் திறக்கப் பதினொரு மணி ஆகிவிட்டது. அதற்கு முன் லைசென்ஸ் ஆபீஸ். இனி இந்த நோட்டில் லை.ஆ. என்றுதான் எழுதுவேன். எத்தனை தடவை எழுத வேண்டி வருமோ.

பதினாலு வருஷமாக ஒரே வழக்கம். ஒரு பாரம், ஒரு கையெழுத்து, ஒரு சாப்பு முத்திரை, அடுத்த வருஷத்துக்கு லைசென்ஸ். இந்த வருஷம் கவுண்டரில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிப் பெண் ஒரு பட்டியலை நீட்டினாள். டிசம்பருக்குள் எல்லாம் முடிய வேண்டுமாம். இல்லையென்றால் ஜனவரி முதல் தேதி மில்லுக்குப் பூட்டு.

மறக்காமலிருக்க இங்கே:

1. பெயர்ப்பலகை. மலாய் எழுத்து பெரிதாக, தமிழ் சிறிதாக.
2. சுவரில் ஆறடிக்கு வெள்ளை ஓடு.
3. கை கழுவும் தொட்டி இரண்டு. (இருப்பது நானும் சரசுவும். மொத்தம் நாலு கை.)
4. இருவருக்கும் டைபாய்டு ஊசி.
5. ஏப்ரன், தொப்பி.
6. மணல் வாளி, சிவப்புப் பெயின்ட் அடித்தது.
7. மூடி உள்ள குப்பை டிரம்.
8. எல்லாச் சாமானுக்கும் விலைச்சீட்டு.
9. பெல்ட்டுக்குப் பாதுகாப்புக் கூண்டு. மெஷின்களைப் பரிசோதிக்கும் மெஷின் ஆபீஸ் கடிதம் வேண்டும்.
10. தரையில் சிவப்புக் கோடு. வாடிக்கையாளர் அதைத் தாண்டக் கூடாது.
11. என் படம் இரண்டு. காது தெரிய வேண்டும்.

சரசுவிடம் படித்துக் காட்டினேன். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நியாயம்தானே என்றாள். என் மனைவி எந்தக் கட்சி என்று தெரியவில்லை.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன்.

8 செப்டம்பர், வியாழன்

மத்தியானம் நல்ல மழை. கூரை அதே இடத்தில் ஒழுகல். வாளி வைத்தேன். (மணல் வாளி இல்லை. அது வேறு.)

நாலு மணிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை காதர் பாய் டீயோடு வந்தார். பட்டியலைக் காட்டினேன். அரசாங்கம் என்ன எனக்கு மாமியாரா, தொட்டி எத்தனை, காது தெரியுதா என்று பார்க்க, என்றேன். பாய் சிரிக்கவில்லை. அவருக்குச் சட்டம் என்றால் ஒரு மரியாதை.

"ரூல் இல்லாட்டி என்ன ஆவும் அண்ணே? எவனாச்சும் செங்கத் தூள அரைச்சு மொளகாத் தூள்னு விப்பான். அப்புறம் ஒங்க மில்லுப் பக்கமும் ஒருத்தரும் வர மாட்டாங்க லா."

செங்கல் தூள் விற்கிறவனுக்குத்தான் லைசென்ஸ் முதலில் கிடைக்கும் என்றேன். மூன்று லாரி வைத்திருக்கும் தவுக்கே முதலாளி வரிசையில் நிற்க ஒரு ஆள், பாரம் எழுத ஒரு ஆள் வைத்திருப்பான். எனக்கு யார்? நான் ஆபீஸ் போனால் மில்லில் பாதி மூடிய மாதிரி. சரசு தனியாக அரைக்க வேண்டும். அவனுக்கும் பதினொன்று, எனக்கும் பதினொன்று. இதுதான் சமமா?

பாய் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது ஒன்று சொன்னார். சட்டம் இருந்ததால்தான் போன வருஷம் நான் ஜன்னலுக்கு வலை அடித்தேனாம். அதுவரை அவர் கடைச் சோற்றில் என் மிளகாய்த் தூள் விழுந்துகொண்டிருந்ததாம். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பல் வலி.

14 செப்டம்பர், புதன்

இன்று கொதிப்பு அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்ப்போம்.

விலைக் கண்காணிப்பு ஆட்கள் இருவர் வந்தார்கள். அலமாரியில் பதினேழு டின். பிஸ்கட் டின், பால்மாவு டின், எண்ணெய் டின். எதிலும் விலைச்சீட்டு இல்லை என்று நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார் பெரியவர்.

நான் எதையும் விற்பதில்லை ஐயா என்றேன். இங்கே வருகிறவர்கள் அவரவர் மிளகாய், அவரவர் மல்லி, மஞ்சளை அவரவர் வீட்டில் காயவைத்து, வறுத்து, அவரவர் டின்னில் கொண்டுவருகிறார்கள். நான் அரைத்துக் கொடுக்கிறேன். அந்த டின்னில் இருப்பது அந்த வீட்டு மிளகாய். அதற்கு நான் எப்படி விலை வைப்பது?

அவருக்கு விளங்கவில்லை. உன் கடையில் இருக்கிறது, ஆனால் உன்னுடையது இல்லை, அப்படித்தானே என்று மலாயில் இரண்டு தடவை கேட்டார். திருட்டுச் சாமான் வைத்திருப்பவனைக் கேட்பதுபோல் இருந்தது. சின்னவர் ஒரு டின்னைத் திறந்து மோந்து பார்த்து ஐந்து நிமிஷம் தும்மினார். அது ஒன்றுதான் இன்றைக்கு ஆறுதல்.

முடிவு: நோட்டீஸ். அதோடு ஒவ்வொரு டின்னிலும் விற்பனைக்கு அல்ல என்று மலாயில் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டினேன். சாயங்காலம் டின் எடுக்க வந்த பெண்கள் சண்டை. என் டின்னில் என்ன எழுதியிருக்கிறாய், யாரைக் கேட்டு எழுதினாய் என்று.

19 செப்டம்பர், திங்கள்

லை.ஆ.வில் பாரம் கொடுக்க நாலாம் தடவை. திரும்பிய காரணங்கள், வரிசையாக:

முதல் தடவை: படத்தில் இடது காது தெரியவில்லை.
இரண்டாம் தடவை: நீல மை. கறுப்பு மை வேண்டும்.
மூன்றாம் தடவை: இரண்டு நகல்தான் இருக்கிறது. மூன்று வேண்டும்.
இன்று: சாப்பு கட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. சாப்பு வைத்தது அவர்கள். திரும்ப எழுதிவர வேண்டியது நான்.

நான் எழுதியதை ஒரு வரியாவது படிக்கிறார்களா என்று தெரியவில்லை. ஓரத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். மில்லின் நீளம் நாற்பது மைல் என்று எழுதிக் கொடுத்தாலும் கறுப்பு மையில் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

ஊசி போட்டாயிற்று. தோள் வீக்கம். பல்லும். மனுஷனுக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் போய்விட்டது.

27 செப்டம்பர், செவ்வாய்

காலை வெயில், பிறகு தூறல். மெஷின் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான சீனர். அதிகம் பேசாத ஆள். மோட்டாரிலிருந்து மில்லுக்குப் போகும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கை இழுத்துவிடும் என்றார்.

எனக்கு ரோஷம். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினைந்து வயதில் கித்தா ஸ்டோர் எஞ்சினைத் தொட்டவன் நான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இங்கே வந்து இந்த மில்லைப் போட்டேன். முப்பது வருஷம் பெல்ட்டோடு வாழ்ந்தவனிடம் வந்து பெல்ட்டைப் பற்றி. இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். பத்து விரலும் இருக்கு, எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன் பாசார் (சந்தை) மலாயில்.

நிஜமாகவே பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். கூண்டு கட்டாயம். விரல் நுழையும் ஓட்டை இருக்கக் கூடாது.

சரசு மல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை அது. யார் கொண்டுவந்தாலும் நாலு மல்லி மணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். வறுவல் போதும், அரைக்கலாம் என்பாள். இல்லை இன்னொரு வெயில் வேண்டும் என்று திருப்பி அனுப்புவாள். அவள் சொல்லி ஒரு தடவையும் தூள் கட்டி பிடித்ததில்லை. மில்லுக்கு ஆள் வருவது என் மெஷினுக்காக இல்லை, அந்த இரண்டு விரலுக்காக. இதை நான் வாய்விட்டு அவளிடம் சொன்னதில்லை.

6 அக்டோபர், வியாழன்

கூண்டு வந்துவிட்டது. வெல்டிங் கடைக்காரர் தகரத்தில் பெட்டியாகவே செய்துவிட்டார். நாலு நட்டு. முடுக்கினால் பெல்ட் எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது.

ஒரு தொல்லை. தூள் விழும் வாயும் பெல்ட்டும் ஒரே பக்கம். கூண்டு அந்த வாயைப் பாதி மறைக்கிறது. கடைசியில் ஒரு பிடித் தூள் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தூரிகையால் தட்டித்தான் எடுக்க வேண்டும். கூண்டு போட்டால் தூரிகை போகாது. நாலு நட்டையும் கழற்ற வேண்டும். ஒரு டின்னுக்கு நாலு நட்டு. தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு நாற்பது டின்.

சிவப்புக் கோடும் போட்டாயிற்று. பாயின் பூனை ஈரத்தில் நடந்து, பாதி மில்லுக்குச் சிவப்புக் கால்தடம்.

11 அக்டோபர், செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்து கூண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சரி என்றார். கடிதம் தபாலில் வரும். அந்தக் கடிதத்தை லை.ஆ.வில் கொடுத்தால் பதினொன்றும் முடிந்தது.

சரசு கேட்டாள், தூரிகை போகிற அளவுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைக்கலாமா என்று. நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார், முடியும் என்றார். ஆனால் கூண்டை மாற்றினால் புது வரைபடம், புது மனு, புதுப் பரிசோதனை. ஆறு வாரம் ஆகும். அதுவரை இந்தக் கடிதமும் வராது.

ஆறு வாரம் என்றால் தீபாவளி போய்விடும். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். 

15 அக்டோபர், சனி

ஆயுத பூஜை. மில்லைக் கழுவி விட்டோம். அவல், பொரி, கடலை. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம். சரசு கூண்டுக்கும் பொட்டு வைத்தாள். மணல் வாளிக்கும் வைத்தாள். இரண்டு தொட்டிக்கும். நான் லைசென்ஸ் பாரத்தை எடுத்து நீட்டினேன், அதற்கும் ஒரு பொட்டு வை, அதுதான் இப்போது நம் தொழில் என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தாள். நாளெல்லாம் நல்ல மனசு. பல் கூட வலிக்கவில்லை.

18 அக்டோபர், செவ்வாய்

பழைய தோட்டத்து மாரியம்மா அக்கா வந்தார். சுங்காயிலிருந்து முதல் பஸ். ஐந்து வீட்டு மிளகாய், ஐந்து டின். எந்த டின் யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் காதிலும் ஒரு கலர்த் துணி. ஐந்து வீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. வழியில் தாண்டிவந்த மில்கள் எத்தனையோ. நம்ம ஆள் மில் என்றுதான் இவ்வளவு தூரம் வருவது.

வழக்கம் என்ன? டின்காரி மெஷின் பக்கத்திலேயே நிற்பாள். தன் மிளகாய் மேலே போவதையும், தன் தூள் கீழே விழுவதையும் கண்ணால் பார்ப்பாள். டின்னைத் தானே தூள் விழும் வாயில் பிடிப்பாள். கடைசிப் பிடியைச் சரசு தட்டிக் கொடுப்பாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று டின்காரி குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூடி போடுவாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான். அதில் தப்பு இல்லை.

இன்று அவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். நின்றார். கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து டின்னும் முடிந்ததும் ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்தார், கை எடை போடுகிற மாதிரி. பிறகு எல்லாரும் கேட்கச் சொன்னார்.

"கூண்டுக்குள்ள எம்புட்டு தங்கிச்சுன்னு யாரு கண்டா தம்பி? ஊருல அஞ்சு வூட்டுக்கு நான்லா பதில் சொல்லணும்."

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. பதினாலு வருஷம். ஒரு சிட்டிகை தூளை என் வீட்டுக்கு எடுத்ததில்லை. எங்கள் வீட்டு மிளகாயைப் பாசாரில் வாங்கித்தான் அரைக்கிறோம். நட்டைக் கழற்றிக் காட்டினேன். ஒட்டியிருந்ததைத் தட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முகம் தெளியவில்லை. பின்னால் நின்ற இரண்டு பெண்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அரசாங்கம் என்னைத் திருடனாக்கிவிட்டது. அப்படித்தான் இருக்கிறது எனக்கு.

19 அக்டோபர், புதன்

காலையில் நாலு நட்டையும் கழற்றினேன். கூண்டைப் பின்கட்டில் சாக்குக்கு அடியில் வைத்தேன்.

சரசு, கடுதாசி வந்த பிறகு கழற்றலாமே என்றாள். தீபாவளி வரைக்கும்தான் என்றேன். பயமாக இருக்கிறது என்றாள். என் பத்து விரலைக் காட்டினேன். இன்ஸ்பெக்டரிடம் காட்டிய அதே மாதிரி.

24 அக்டோபர், திங்கள்

மூன்று நாளாக மில் நிற்கவில்லை. வாசல் வரை டின். பெண்கள் எல்லாம் சிவப்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். போன இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன், பாருங்கள், சட்டத்தைச் சாக்கில் போட்டேன், ஜனம் வந்தது என்றேன். அவர் மெஷினைப் பார்த்துவிட்டு டீயைக் குடிக்காமல் போனார்.

கடிதம் இன்னும் வரவில்லை. மெஷின் ஆபீஸுக்குப் போனால் டைப் ஆகிக்கொண்டிருக்கிறதாம். ஒரு வரிக் கடிதம், பதின்மூன்று நாளாக டைப். கடிதம் ஏன் தாமதம் என்று கேட்டு மனு கொடுக்கச் சொன்னார்கள். அதற்கும் மூன்று நகல்.

27 அக்டோபர், வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன், ஒழுங்காக வராது.

நேற்றுக் காலை பத்து, பத்தரை இருக்கும். மழை இருட்டு. மாரியம்மா அக்கா இரண்டாம் தடவை வந்திருந்தார், இன்னும் மூன்று வீட்டு மல்லியோடு. மெஷின் பக்கத்தில் டின் பிடித்துக்கொண்டு நின்றார். சரசு குனிந்து கடைசிப் பிடியைத் தட்டினாள். நான் முன் மேசையில். மனுவின் மூன்றாம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் சேலைத் தலைப்பு. இடுப்பில் செருகியிருந்தது அவிழ்ந்து பெல்ட்டில் போயிருக்கிறது. அதைப் பிடித்து இழுக்கக் கை போயிருக்கிறது. சத்தம் கேட்டு நான் எழுந்திருப்பதற்குள் மாரியம்மா அக்கா டின்னை எறிந்துவிட்டுச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அடித்துவிட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால் அவருக்கு எட்டியிருக்காது.

பாய் வேனில் ஆஸ்பத்திரி. வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். முதல் கணு வரை இல்லை.

தரையில் மல்லித் தூள். வழியெல்லாம் வேனில் சரசு கேட்டது அதைத்தான். அக்கா டின்னுல எவ்வளவு கொட்டிப்போச்சு.

நான் செய்தது. வேறு யாரும் இல்லை.

28 அக்டோபர், வெள்ளி

மில் மூடியிருக்கிறது. நேற்றுச் சாயங்காலமே கூண்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஏன் மாட்டினேன் என்று தெரியவில்லை. யாருக்காக.

பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது தெரிகிற படமும் கூண்டும் ஒரே தாளில், ஒரே எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. எது உயிருக்கு, எது கோப்புக்கு என்று எங்கேயும் போடவில்லை. பதினொன்றையும் ஒன்றாகவே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தச் சாக்கு எனக்கு ஆகாது. தாளில் போடாவிட்டால் என்ன, முப்பது வருஷம் பெல்ட்டோடு இருந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். மாரியம்மா அக்கா கேட்ட ஒரு கேள்விக்காகக் கழற்றினேன். என் மானத்துக்காக. அதற்குச் சரசு விரல்.

பல்லைப் பிடுங்கிவிட்டேன். வலித்தது, பரவாயில்லை என்று இருந்தது.

31 அக்டோபர், திங்கள்

சரசு வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டு பெரிதாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. கூண்டைப் பார்த்தார், ஆட்டினார். உறுதியாக இருந்தது. பிறகு மேலே விரலை வைத்து இழுத்தார். சிவப்புத் தூள் படிந்து வந்தது. மில்லில் எதைத் தொட்டாலும் அப்படித்தான் வரும். அடுத்து நாலு நட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்றிலும் தூள் இல்லை, இப்போதுதான் முடுக்கிய மாதிரி.

என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.  ஒரு பாரத்தை மேசையில் வைத்து, நீங்களே எழுதி புதன்கிழமை ஆபீஸில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

விபத்து அறிக்கை. பன்னிரண்டு கேள்வி. ஏழாவது: விபத்து நேரத்தில் பாதுகாப்புக் கூண்டு பொருத்தப்பட்டிருந்ததா? இல்லையென்றால் அகற்றியது யார்?

1 நவம்பர், செவ்வாய்

ஆறு வரை எழுதிவிட்டேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வரையும்.

பாய் வந்து பாரத்தைப் பார்த்தார். இருந்தது என்று எழுதச் சொன்னார். சட்டத்துக்கு இத்தனை நாள் வக்காலத்து வாங்கிய அதே பாய்.

"இல்லன்னு எழுதினா லைசென்ஸ் போயிரும் அண்ணே. கேஸும் வரும். சரசு அக்கா கையும் போயி மில்லும் போயி, அப்புறம் என்னா செய்வீங்க? எழுதுங்க, இருந்திச்சுன்னு."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதனால் கோபிக்க முடியவில்லை. பெண்கள் பத்துப் பேர் பார்த்தார்களே என்றேன். பெண்களை யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

உள்ளே போனேன். சரசு இடது கையில் மல்லியை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியவில்லை போல, திரும்பத் திரும்ப உருட்டினாள். என் காலடி கேட்டதும் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். பாரத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"நான்தான் தலைப்ப ஒழுங்கா செருகலன்னு எழுதிருங்க. மில்லு இருக்கணும்ங்க."

இதைக் கேட்கவா நான் உள்ளே போனேன். வெளியே வந்து கறுப்பு மைப் பேனாவை எடுத்தேன். ஏழு: இல்லை. அகற்றியது நான். பத்தொன்பதாம் தேதி காலை. மனைவி வேண்டாம் என்று சொல்லியும்.

மூன்று நகல்.

2 நவம்பர், புதன்

மழை. நாளை மறுநாள் தீபாவளி. வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. மாரியம்மா அக்கா யாரிடமோ முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறார். டின் காதில் பச்சைத் துணி.

மெஷின் ஆபீஸ். என் நம்பர் முப்பத்தொன்று. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு விசாரிப்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். 

கவுண்டரில் ஒரு கிராணிப் பையன். பாரத்தை வாங்கினான். நகல் எண்ணினான், மூன்று. மை பார்த்தான், கறுப்பு. கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்தான். சாப்பு வைத்தான். கட்டத்துக்குள் சரியாக விழுந்தது. எல்லாம் சரி என்றான்.

ஏழாவதைப் படியுங்கள் என்றேன். அதை அதிகாரி பிறகு பார்ப்பார் என்றான். எப்போது என்றேன். தெரியாது என்றான். என் பெயரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒரு கடிதம் இருக்கிறது என்று ஒரு உறையை எடுத்துக் கொடுத்தான்.

நடைபாதையில் நின்று பிரித்தேன். ஒரு வரி. என் மில்லில் பாதுகாப்புக் கூண்டு பொருத்தப்பட்டு நல்ல நிலையில் உள்ளது. கீழே தேதி: அக்டோபர் 26. சரசு விரல் போன நாள்.

சரசு வீட்டு வாசலிலேயே நின்றாள். இந்தத் தடவையும் திருப்பிட்டாங்களா என்று கேட்டாள். இல்லை, வாங்கிக்கொண்டார்கள் என்றேன். அப்பாடா என்றாள்.